இறால் ஓடு இட்ட பாத்தியில் விளைந்த கரட்

நுவரெலியாவிலிருந்து நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை வழியாக ஹட்டனை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும், தேயிலையின் பசுமைக்கு நடுவே வேறொரு பசுமை கண்ணிற் படும். லயங்களின் பின்புறத்திலும், ஓடைக் கரைகளிலும், தேயிலை பிடுங்கப்பட்ட சரிவுகளிலும், படிப்படியாக வெட்டித் திருத்திய சிறு பாத்திகளில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் பீட்ரூட்டும் செழித்து நிற்கின்றன. கொழுந்து பறித்துப் பெறுகிற சம்பளம் மாதக் கடைசிவரை எட்டாத குடும்பங்களுக்கு இம்மரக்கறித் தோட்டங்கள் ஆகாரத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் ஆதாரமாக இருந்துவருகின்றன. இத்தகைய பாத்தியொன்றுக்கு இடுகிற எருவில் மீன் கழிவும் இறால் ஓடும் கச்சான் புண்ணாக்கும் முட்டைக் கோதும் கலந்திருக்குமாயின், அந்த ஆகாரங்களுள் ஒன்றை வாயில் வைத்த மாத்திரத்தில் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டுகிற சுபாவமுள்ள ஒரு குழந்தைக்கு, அப்பாத்தியில் விளைந்த கரட்டைக் கொடுக்கலாமா என்பது அற்பமான கேள்வியன்று. பெற்ற தாய்க்கு அது உயிர்க் கேள்வி.

கொடுக்கலாம் என்பதே விஞ்ஞானத்தின் விடை. ஆனால் அந்த விடையைக் காரணத்தோடு அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் காரணத்தை அறிந்தவர்களே அதே பாத்தியில் மெய்யாகவே அஞ்சத்தக்கவை எவை என்பதையும் காண்பார்கள். சேதனப் பசளையால் ஒவ்வாமை வருமாயின் அது பெரும்பாலும் மூக்கின் வழியாகவே வருகிறது. மரக்கறியோடு வாய்வழியே வரக்கூடிய ஆபத்தோ, நன்கு மக்காத எருவிலுள்ள கிருமியும் புழு முட்டையுமாம். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதனால், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதைக் கவனியாது விடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியை இலங்கை அரசாங்கம் தடை செய்தபோது, யூரியா மூட்டையை நம்பி விளைவித்துப் பழகிய மலைநாட்டு விவசாயி, கைக்கு அகப்பட்ட சேதனப் பொருள் எதையும் பசளையாக்க முனைந்தார். மாட்டெருவும் கோழி எருவும் முன்பே வழக்கில் இருந்தவை; அவற்றோடு, மீன் கழிவைச் சர்க்கரையில் ஊறவைத்த கரைசல், புண்ணாக்குக் கரைசல், சமையலறைக் கழிவு ஆகியவையும் பாத்திக்கு வந்தன. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே தடை நீக்கப்பட்டதாயினும், அதன் பின்னர் பசளை விலை ஏறிய ஏற்றத்தினால் இவ்வழக்கங்கள் பல வீட்டுத் தோட்டங்களில் இன்றும் நின்றுவிடவில்லை. தேயிலைக்கே கூட, செயற்கைப் பசளைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தில் ஆமணக்குப் புண்ணாக்கும் கச்சான் புண்ணாக்கும் மீன் உரமும் எலும்புத் தூளும் இடப்பட்டு வந்தன. ஆகவே இப்பொருள்கள் இந்த மண்ணுக்குப் புதியவையல்ல.

இனி ஒவ்வாமை என்பது யாதென்று பார்ப்போம். பிரான்ஸ் தேசத்துச் சார்லஸ் ரிஷே என்பவர், கடல் அனிமோன் என்னும் பிராணியின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் ஏற்றி, சில வாரங்கள் கழித்து அதனினும் குறைந்த அளவை மீண்டும் ஏற்றியபோது, காப்பு உண்டாகியிருக்க வேண்டிய சரீரம் அதற்கு மாறாகச் சில நிமிஷங்களிலே மூச்சடைத்து வீழ்ந்ததை 1902 ஆம் ஆண்டில் போர்ட்டியே என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார்; அவ்வாராய்ச்சிக்காக 1913 இல் நோபல் பரிசும் பெற்றார். வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் பிர்கே 1906 இல் இவ்விஷயத்துக்கு அலர்ஜி என்ற பெயரை வைத்தார். அறுபதுகளில், அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனில் ஜொஹான்சன், பென்னிச் என்பவர்களும், இதற்குக் காரணமான பிறபொருளெதிரியைத் தனித்தனியே கண்டுபிடித்தனர். ஐஜிஈ என்று வழங்கும் அப்பொருள், தோலிலும் சுவாசப் பாதையிலும் குடற் சுவரிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தனக்கு ஏற்கெனவே பழக்கமான புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டிவிட, தடிப்பும் வீக்கமும் இரைப்பும் உண்டாகின்றன. உண்ட சில நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இவையெல்லாம் பெரும்பாலும் நிகழ்ந்துவிடும்.

இதில் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயம், அந்தப் பிறபொருளெதிரி அடையாளம் காண்பது புரதத்தின் உருவத்தையே என்பதாம். இறாலில் உள்ள திரொப்போமயோசின், மீனில் உள்ள பார்வல்புமின், கச்சானில் உள்ள வித்துப் புரதங்கள் ஆகியவை கொதிநீரிலும் இரைப்பையின் அமிலத்திலும் எளிதில் உருக்குலையாத சுபாவமுள்ளவை. அதனாலேயே அவை கறியாகச் சமைத்த பின்னும் தொல்லை தருகின்றன. ஆனால் அதே புரதம் அமினோ அமிலங்களாகவும், அவை மேலும் சிதைந்து அமோனியாவாகவும் மாறிவிட்டால், அதை இறாலிலிருந்து வந்ததென்றோ கச்சானிலிருந்து வந்ததென்றோ எந்தச் சரீரமும் அறியாது.

எருக்குழியிலும் மண்ணிலும் நடைபெறுவது இந்தச் சிதைவுதான். கச்சான் புண்ணாக்கில் நைதரசன் ஏறத்தாழ 7 விழுக்காடு. அதாவது அதன் எடையில் ஏறக்குறையப் பாதி புரதம். ஈரமான மண்ணில் இப்புண்ணாக்கு விழுந்ததும், பாக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் தம் நொதிகளைச் சுரந்து அப்புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. வெளிப்படும் அமோனியாவை வேறு சில பாக்டீரியாக்கள் நைத்திரைட்டாகவும், மற்றும் சில நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கரட்டின் வேர் தன் நைதரசனைப் பெரும்பாலும் அமோனியமாகவும் நைத்திரேற்றாகவும், சிறுபான்மை அமினோ அமிலமாகவும் உறிஞ்சிக்கொள்கிறது. சில தாவரங்கள் கிருமிகளின் உதவியின்றியே புரதத்தைப் போஷணைக்குப் பயன்படுத்தவல்லவை என்று அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2008 இல் காட்டியிருக்கின்றனர். ஆயினும் அங்கும் தாவரம் புரதத்தைச் சிதைத்துத் தன் வளர்ச்சிக்கே செலவிடுகிறது. உறிஞ்சிய நைதரசனைக் கொண்டு அது கட்டுவது கரட்டின் புரதத்தையே அன்றி இறாலின் புரதத்தை அன்று. மாட்டெருவில் வளர்ந்த கத்தரிக்காய் பாலாக மாறாதது போலவே இதுவும்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாகவேண்டும். வேருக்குள்ளே புகாத புரதம், இலையின் மேலே படிந்திருக்கக் கூடும். மீன் கரைசலை இலைமேல் தெளித்து, மறுநாளே அந்தச் சலாது இலையைப் பறித்துப் பச்சையாக உண்பாராயின், கடும் மீன் ஒவ்வாமை உள்ளவர்க்கு அது ஆபத்து இல்லாத காரியம் என்று நான் சொல்லமாட்டேன். புண்ணாக்குத் தூள் ஒட்டிய மண் அப்பிய கிழங்குக்கும் இது பொருந்தும். கரைசலை இலையில் தெளியாது வேரடியில் ஊற்றுவதும், கரட்டை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவுவதும் இதற்குப் போதும். கடும் ஒவ்வாமையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில், அக்குழந்தையின் கையால் கரைசலைக் கலக்கவிடாமலிருப்பதும் விவேகம்.

அப்படியிருக்க, கரட் சம்பல் தின்றதும் உடம்பு தடித்தது என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்கலாகாது. ஆனால் சம்பலில் என்னென்ன இருந்தன என்று கேட்கவேண்டும். நம் வீடுகளில் கரட் சம்பலும் வல்லாரைச் சம்பலும் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிப்புளி ஆகியவற்றோடு நிற்பதில்லை. இடித்த மாசியும் ஒரு பிடி விழும். மாசி என்பது சூரை மீன். அவித்து, புகையூட்டி, கல்லைப்போல் காய்ந்த பின்னும் அது மீன்தான். மீன் ஒவ்வாமை உள்ளவர்க்கு அந்த ஒரு பிடியே போதும். இதனினும் நுட்பமான வேறொரு விஷயமும் உண்டு. சூரை, கெளவல்லை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக இருக்கிறது. பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வையாது விட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. கடலிலிருந்து வளைந்து வளைந்து மலையேறி வரும் மீனுக்கு வழியில் குளிர் குறைந்தால் இது நேர்வது எளிது. ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டவர் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடிக்கும். அது ஒவ்வாமையைப் போலவே தோன்றினும் ஒவ்வாமையன்று. ஒரே சட்டியில் உண்ட பலருக்கும் ஒருங்கே வருவது அதன் அடையாளம். இவ்விரண்டு காரணங்களையும் விசாரியாமல் பாத்தியையும் பசளையையும் பழிப்பது நியாயமாகாது. கரட்டுக்குத் தானே ஒவ்வாமை தருகிற ஒரு புரதமும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பேர்ச் மரத்தின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை கொண்ட ஐரோப்பியரிடையே காணப்படுவது, நம் மலைகளில் அந்த மரக்காடுகள் இல்லை.

இனி மூக்கின் கதை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில், ஆமணக்கு எண்ணெய் ஆலையொன்றின் அயலில் வசித்தவர்களுக்கு அந்த ஆலைத் தூசியினாலே இரைப்பு நோய் உண்டானதை பிக்லி, எல்ரொட் என்னும் வைத்தியர்கள் 1928 இல் வெளியிட்டார்கள். ஆமணக்கை அவர்கள் உண்டவர்களல்லர், காற்றோடு சுவாசித்தவர்களே. ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா நகரில் 1981 முதல் 1987 வரை, சில குறிப்பிட்ட நாள்களில் மட்டும் இரைப்பு நோயாளர்கள் கூட்டங்கூட்டமாக வைத்தியசாலைக்கு ஓடிவந்தனர். காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் தவித்த பின்னரே, துறைமுகத்தில் சோயா அவரை இறக்கிய நாள்களும் அந்நாள்களும் ஒன்றாயிருத்தல் கண்டறியப்பட்டது. தானியக் களஞ்சியத்துக்குத் தூசி வடிகட்டி பொருத்தியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. நகரத்தார் எத்தனையோ முறை சோயா உண்டிருப்பர். நோய் தந்தது தூசியே. ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்னும் கொடிய நஞ்சும் இருக்கிறது. உஷ்ணத்தால் அந்த நஞ்சு குறையினும், ஒவ்வாமை தருகிற அதன் புரதம் உஷ்ணத்துக்கு எளிதில் அழிவதில்லை. இப்புண்ணாக்கைத் தின்று நாய்கள் இறந்துபோன நிகழ்ச்சிகள் பல தேசங்களிலும் பதிவாகியுள்ளன.

ஆகையால், கூடத்தின் மூலையில் புண்ணாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு, அருகிலே பிள்ளைகள் படுத்துறங்க, கையால் உடைத்துத் தூளாக்குகிற வழக்கத்தைக் கண்டு நான் அஞ்சுகிறேன். லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, காற்றோட்டம் குறைவு, விறகடுப்பின் புகையும் அதற்குள்ளேதான். அங்கே எழுகிற தூசி போக இடமில்லாமல் சுவாசத்திற்குள்ளே போகிறது. காய்ந்த கொம்போஸ்டைக் கிளறும்போது எழுகிற பூஞ்சண வித்துகளும் அத்தகையவையே. உஷ்ணத்தை விரும்பி எருக்குவியலில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் இரைப்பு நோயாளரை மிகவும் வருத்தும். எருவைச் சிறிது நனைத்துக் கிளறுவதும், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பதும், மூக்கையும் வாயையும் நன்றாக மூடிக்கொள்வதும் செலவில்லாத பரிகாரங்கள்.

வாய்வழி ஆபத்தைச் சொல்லுகையில், தோட்டங்களின் சரித்திரத்தில் சற்றே பின்னோக்கவேண்டியிருக்கிறது. 1916 ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் அறநிலையத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். மலக்கூடம் இல்லாத லயங்களும், வெறுங்காலோடு மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்த தொழிலாளரும், ஈரமும் நிழலும் நீங்காத மண்ணும் ஒன்றுகூடி அப்புழுவுக்கு வேண்டிய வசதியெல்லாம் செய்துகொடுத்திருந்த காலம் அது. இரத்தத்தைக் குடித்து மனிதரை வெளிறவைத்த அப்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து ஏறியது. வட்டப்புழுவோ வாய்வழியே வருவது. அதன் பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும். அம்முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மனித மலம் கலந்த மண்ணில் விளைந்ததைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் குடலுக்குள் அவை சேருகின்றன. மாட்டெருவிலும் கோழி எருவிலும் இ.கோலை, சல்மொனெல்லா, கம்பிலோபக்டர் முதலிய கிருமிகளில் நோய் தருபவை இருக்கலாம். ஒவ்வாமைக்குக் காரணமான அதே ஐஜிஈ, ஆதியில் இத்தகைய புழுக்களோடு போரிடவே சரீரத்தில் அமைந்தது என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. புழு உள்ளவர்களின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதும் கண்கூடு.

இக்கிருமிகளையும் முட்டைகளையும் கொல்ல வேண்டுவன உஷ்ணமும் காலமுமே. அல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில விவசாய விஞ்ஞானி, மத்திய இந்தியாவின் இந்தோர் நகரில் 1924 முதல் 1931 வரை இருந்து, இந்தியக் குடியானவனின் அனுபவத்தையும் சீனத்து வழக்கத்தையும் ஆராய்ந்து, இலைதழையையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டுப் புரட்டிவிடும் இந்தோர் முறையை வகுத்தார். 1937-38 இல் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சென்றார். அம்முறையின் உயிர்நிலை குவியலின் உள்ளே எழுகிற உஷ்ணம். அமெரிக்க நாட்டின் சேதன விவசாய விதிப்படி, திறந்த வெளியில் வரிசையாகக் குவித்த எரு 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள் வெந்து, அதற்குள் ஐந்து முறையாவது புரட்டப்படவேண்டும். மக்காத பச்சை எருவை இடுவதாயின், மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பாகவும், மண்ணைத் தொடாததற்கு 90 நாள் முன்பாகவும் இட்டு முடித்திருக்கவேண்டும். கரட் மூன்று மூன்றரை மாதத்தில் தோண்டப்படுகிற பயிர். ஆதலின் விதை தூவிய பிறகு பச்சைக் கோழி எருவை அதன் பாத்தியில் தூவ இடமே இல்லை. நாம் அதைத் தூவிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை குளிரில் இருப்பதனால், அங்கே எரு வேகாது என்று சிலர் எண்ணுவர். அவ்வாறன்று, குவியல் போதிய பருமனாயிருந்தால் வெளிக்குளிர் உள்ளே எட்டாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையாமல், மானாப் புல்லும் காய்ந்த இலையும் ஓர் அடுக்கு, பச்சைக் காட்டுச் சூரியகாந்தித் தழை ஓர் அடுக்கு, சாணம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி இட்டு, பிழிந்த துணியின் ஈரம் இருக்கும்படி நனைத்து மூடிவைத்தால், சில நாள்களில் அதன் உச்சியிலிருந்து ஆவி எழும். உள்ளே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சற்றுப் பொறுத்து உருவிப் பார்க்கலாம். கையில் பிடிக்க முடியாதபடி கம்பி சுட்டால் எரு வேகிறது. இளஞ்சூடாக இருந்தால் புரட்டவேண்டும். குளிர்ந்து சேறாகி நாறினால் மழைநீர் புகுந்துவிட்டது. தென்மேல் பருவ மழை மாதக்கணக்கில் கொட்டுகிற ஹட்டன், நோர்வூட் பகுதியில் கூரையோ தார்ப்பாயோ இல்லாத குவியல் வேகுமென்று எதிர்பார்ப்பது வீண். வெந்து ஆறிய எருவில் சாண நாற்றமும் அமோனியா நெடியும் இருக்கமாட்டா. புது மண்ணின் வாசனையே இருக்கும்.

குவியலை எங்கே இடுவது என்பதும் உயிர் சம்பந்தமான விஷயம். தோட்டங்களில் குடிதண்ணீர் மலைச்சரிவின் ஊற்றிலிருந்து பீலிக்கு வருகிறது. மேட்டிலே மாட்டுப்பட்டியும் எருக்குவியலும் இருந்து, பள்ளத்திலே பீலி இருந்தால், ஒரு மழை பெய்ததும் எருச்சாறு முழுவதும் அந்தத் தண்ணீரில் கலக்கும். கரட்டைக் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான் என்றால், கழுவி என்ன பயன்?

சேதனம் என்ற பெயர் மாத்திரம் சுத்தத்துக்கு உத்தரவாதமாகாது என்பதை நாடே ஒரு தரம் கண்டது. 2021 ஆம் ஆண்டில், சீனத்துக் கம்பனியொன்றிடம் கட்டளையிட்ட கடற்பாசிச் சேதனப் பசளையில் 20,000 தொன் ஹிப்போ ஸ்பிரிட் என்னும் கப்பலில் ஏறி வந்தது. அதன் மாதிரிகளில் எர்வினியா இனத்துப் பாக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை அறிவித்தது. அவ்வினத்தோடு உறவுடைய கிருமிகளே கரட்டையும் உருளைக்கிழங்கையும் கோவாவையும் மென்னழுகலுக்கு உள்ளாக்குபவை. கம்பனி அம்முடிவை மறுத்தது. வழக்கும் வாதமும் நடந்தன. கப்பல் சரக்கை இறக்காமலே திரும்பியது. ஈற்றில் 2022 ஜனவரியில் மக்கள் வங்கி அந்தக் கம்பனிக்கு ஏறத்தாழ 69 இலட்சம் டொலரைச் செலுத்தவேண்டியதாயிற்று. இரசாயனம் என்றால் நஞ்சு, சேதனம் என்றால் அமிர்தம் என்று மேடைகளில் பேசப்பட்ட காலத்தில், ஒரு சிறு ஆய்வுகூடம் நுணுக்குக்காட்டியோடு செய்த கடமையை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

கச்சானுக்கோ இறாலுக்கோ ஒரு தடவை மூச்சு முட்டிய பிள்ளையைப் பரிசோதனைக்கு வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபடி அது நேர்ந்தால் கைமருந்து பார்த்துக் காலத்தைப் போக்காமல், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ உடனே கொண்டுசெல்லுங்கள். அவ்வேளையில் உயிர் காப்பது தொடையில் ஏற்றும் அதிரினலின் ஊசியே. தோட்ட நிர்வாகங்களையும் பிரதேச சபைகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. ஒவ்வொரு பிரிவிலும் லயங்களுக்குப் பொதுவாகக் கூரை போட்ட எருக் கொட்டகை ஒன்றும், புண்ணாக்கு உடைப்பதற்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் கட்டிக்கொடுங்கள். அந்தக் கொட்டகை பீலிக்குக் கீழ்ப்புறத்தில் அமையட்டும்.